தோட்டாவில் தடவியது என்ன? 1857 பற்றிச் சில குறிப்புகள்

1857 பற்றி நாம் படிக்கிற வரலாறுகளில் ஒரு பொருளுக்கு மட்டும் உரிய இடம் கிடைப்பதே இல்லை. தோட்டாவில் தடவிய கிரீஸ்தான் அது. பள்ளிப் பாடப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும்: பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியதாக வதந்தி பரவியது, சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்கள். கொஞ்சம் கனமான புத்தகங்கள் அடுத்த வரியைச் சேர்க்கும்: கொழுப்பு வெறும் தீப்பொறி, நிஜக் காரணங்கள் வேறு. 1856ல் அவத் நாட்டைப் பறித்தது, அதே ஆண்டில் கடல் கடந்தும் போயாக வேண்டும் என்று வந்த படைச் சேர்ப்புச் சட்டம், சம்பளக் குறை, நிலப் பிரச்சினை.

இந்தக் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனா இரண்டு வகைக் கதையிலும் ஒரே ஓட்டை இருக்கு. கிரீஸில் என்ன இருந்தது, அது ஏன் அங்கே இருந்தது என்று இரண்டுமே கேட்பதில்லை. டம்டம் சிப்பாய்கள் கேட்டதோ அதைத்தான்.

முதலில் துப்பாக்கியைப் பார்ப்போம். அதுவரை கையில் இருந்தது பிரவுன் பெஸ் என்கிற பழைய மஸ்கெட். அதன் குழலுக்குள் வழவழப்புதான், புரி கிடையாது. குண்டு தளர்வாக இறங்கிவிடும், கிரீஸ் பெரிதாகத் தேவைப்படாது. 1853 மாதிரி என்ஃபீல்ட் ரைஃபிள் அப்படி இல்லை. குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இடைவெளியைக் காகிதமும் கிரீஸும் சேர்ந்து நிரப்பணும். தோட்டாவின் நுனிக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் திருப்பி, கிரீஸ் தடவிய காகிதத்தோடு குண்டை வைத்து, மிச்சக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, கம்பியால் இடித்து இறக்கணும். சுட்டதும் குண்டின் குழிவான அடிப்பாகம் விரிந்து புரியைப் பிடித்துக்கொள்ளும்.

கிரீஸுக்கு வேலை வழுக்குவது மட்டும் இல்லை. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகக் குழலிலேயே தங்கும். அந்தக் கரி காய்ந்து இறுகினால் கொஞ்ச நேரத்தில் அடுத்த குண்டு இறங்காது. கரியை மெத்தென்று வைத்திருப்பது கிரீஸ்தான். இன்றைக்கும் அமெரிக்காவில் ஈயக் குண்டை வீட்டில் வார்க்கிறவர்கள் இதே தலைவலியோடு மெழுகையும் கொழுப்பையும் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் பதம் என்கிற விஷயம் வருது. கிரீஸ் ரொம்ப இளகினால் வெயிலில் உருகிக் காகிதத்தில் ஊறும், மருந்தைக் கெடுக்கும், குண்டின் மேல் ஒன்றும் மிஞ்சாது. ரொம்ப இறுகினால் உதிரும், குழலில் பரவாது. மாட்டுக் கொழுப்பு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். கான்பூரின் மே மாத வெயிலை நினைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறும் கொழுப்பு அங்கே நிற்காது. அதேபோல இங்கிலாந்துக் குளிரில் வெறும் மெழுகு விறைத்துப் போகும். சரியான பதம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிற ஒன்று.

பிரிட்டன் வைத்திருந்த கலவை இது: கொழுப்பு 5 பங்கு, ஸ்டியரின் 5 பங்கு, மெழுகு 1 பங்கு. ஸ்டியரின் என்றால் ஏதோ ரசாயனம் மாதிரி காதில் விழும். அது மெழுகுவத்திக்காரர்களின் சரக்கு, பெரும்பாலும் மிருகக் கொழுப்பைப் பிரித்து எடுப்பது. ஆக, 11 பங்கில் 10 பங்கு கொழுப்பு வழியில் வந்ததாகவே இருக்கலாம். வெப்பம் தாங்க ஸ்டியரின் சேர்த்த அதே வேலையை மெழுகைக் கூட்டியும் செய்திருக்கலாம். கொழுப்பு அங்கே இருந்ததற்கு இயற்பியல் கட்டாயம் எதுவும் இல்லை. மலிவாகக் கிடைத்தது, பழக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தியாவில் சோதிக்காமல் கொண்டுவந்தார்களா என்றால், இல்லை, சோதித்தார்கள். எனக்கு அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். 1853ல் கிரீஸ் தடவிய தோட்டாக்களை அனுப்பி, கல்கத்தா வில்லியம் கோட்டை, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களில் சிப்பாய்களின் பைகளிலேயே வைத்துப் பார்த்தார்கள். சோதனைக்கு இருந்த கேள்வி ஒன்றுதான்: இந்தத் தட்பவெப்பத்தை கிரீஸ் தாங்குமா? அதே ஆண்டு வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் ஹென்றி டக்கர், சாதிக்கும் மதத்துக்கும் ஒவ்வாத பொருள் இதில் இல்லை என்று உறுதியாகும்வரை இந்தியச் சிப்பாய்களுக்கு இதைத் தரக்கூடாது என்று ராணுவ வாரியத்துக்கு எழுதினார். அந்த எச்சரிக்கையால் எதுவும் மாறவில்லை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஆனால் பயன்படுத்தப் போகிறவனுக்கு முக்கியமான கேள்வி டெஸ்ட் பட்டியலிலேயே இல்லை. அதை எழுப்பிய ஆளின் கடிதம் எங்கோ ஒரு கோப்பில் தூங்குது.

1857 ஜனவரியில் டம்டம்மில் பேச்சு கிளம்பியபோது அரசு மந்தமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அதே மாதம் 27ம் தேதியே உத்தரவு வந்தது: கிரீஸ் இல்லாத தோட்டா தருகிறோம், சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்த பொருளைத் தாங்களே தடவிக்கொள்ளட்டும். பிறகு பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையும் மாறியது. தடவின தோட்டா எதுவும் சிப்பாய்களின் பயிற்சிக்கு இன்னும் போகவில்லை என்று அதிகாரிகள் சொன்னதும் பெரும்பாலும் சரியே.

அப்புறம் ஏன் அடங்கவில்லை? கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, அதனால்தான். கொழுப்பு எந்த மிருகத்துடையது என்று மேலிடம் விசாரித்தபோது, ஆட்சேபத்துக்குரிய கொழுப்பைத் தவிர்க்கத் தனி முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை என்பதே படைக்கலத் துறையின் பதில். ஒப்பந்தக்காரர் கொண்டுவந்தார், வாங்கினோம். அதாவது செய்தவர்களுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை 'இல்லை' என்று எப்படி நம்பவைப்பது? கொடுத்த சலுகையும் திருப்பி அடித்தது. ஒளிக்க எதுவும் இல்லையென்றால் ஏன் மாற்றுகிறீர்கள் என்றே சிப்பாய் நினைத்திருப்பான்.

சந்தேகம் கிரீஸிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. பிப்ரவரியில் பெர்காம்பூரின் 19வது படைப்பிரிவு மறுத்தது பழைய மஸ்கெட்டுக்கான, கிரீஸே இல்லாத தோட்டாவை. ஏப்ரல் 24ல் மீரட்டில் 90 குதிரைப்படையினரில் 85 பேர் மறுத்ததும் பழைய வகைத் தோட்டாவைத்தான். மே 9ல் அவர்களுக்கு அணிவகுப்புத் திடலில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எழுந்தது.

இதை வைத்து 'மூடநம்பிக்கை' என்று முடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, 1897ல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்பில், அரசு ஆவணங்களை ஃபாரஸ்ட் ஆராய்ந்ததைச் சுட்டி, கிரீஸில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் இருந்தது உண்மையே என்று ஒத்துக்கொள்கிறார். அவர் கம்பெனிப் படையில் இருந்து 1857ல் சண்டையிட்டவர், சிப்பாய்க்குப் பரிந்து பேச அவசியம் இல்லாதவர். அப்படியிருக்க, பாடப் புத்தகத்தில் இன்னும் 'வதந்தி' என்ற சொல் மட்டும் நிற்பது எப்படி?

நம்ம ஊர் ஆட்கள் இதை வேலூரோடு சேர்த்துப் படிக்கலாம். 1806 ஜூலை 10ல் நடந்த எழுச்சிக்கு முன்னால் வந்தது தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. அங்கேயும் 'தோல் எதனால் ஆனது' என்ற கேள்வியை ஒழுங்கின்மையாகப் பார்த்துத் தண்டனைதான் கொடுத்தார்கள். ஐம்பது வருஷத்தில் நிர்வாகம் அதிகமாகக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கதையின் கசப்பான பகுதி அப்புறம் வருது. பழசான கொழுப்பு அமிலமாகி ஈயத்தை அரிக்கும், வெயிலில் ஓடிவிடும். போருக்குப் பிறகு பிரிட்டன் குண்டின் விட்டத்தை 0.55 அங்குலமாகக் குறைத்தது, கிரீஸில் தேன்மெழுகே முதன்மைப் பொருளானது. மதத்தை மனதில் வைத்து அல்ல, துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்யணும் என்பதற்காக. சிப்பாய்க்கு ஏற்பான பொருளும் இந்திய வெயிலுக்கு ஏற்ற பொருளும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

மெழுகு மாற்றியிருந்தால் 1857 நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அவத்தின் கோபம் வேறு வழி தேடியிருக்கும். ஆனா 'தீப்பொறி' என்ற உவமையில் ஒரு தந்திரம் இருக்கு. தீப்பொறி தற்செயல், அதற்கு யாரும் பொறுப்பில்லை. இந்த கிரீஸுக்கோ கலவை விகிதம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, சோதனை அறிக்கை இருந்தது, எச்சரிக்கைக் கடிதமும் இருந்தது. இன்றைக்குக் கடையில் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பச்சைப் புள்ளியைத் தேடுகிறோம், யாரும் நம்மைக் கலகக்காரர் என்பதில்லை. அந்தச் சிப்பாய்கள் கேட்டதும் அந்தப் புள்ளியைத்தான்.