குதிரைக் குளம்படியும் தீண்டாச்சேரியும்

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ இன்றைக்கும் விற்கிறது. 2022லும் 2023லும் மணிரத்னம் அதை இரண்டு படமாக எடுத்தபோது, ஊரே சோழர் காலத்துக்குக் குடிபோன மாதிரி இருந்தது. எங்க சேரிப் பிள்ளைகளும் ஐந்து பாகத்தையும் ராத்திரி கண்முழித்துப் படிக்கிறார்கள். படிக்கட்டும். வந்தியத்தேவனோடு குதிரையில போகிற சுகம் எனக்கும் தெரியும். அத்தியாயத்தை எங்கே முறிக்கணும் என்று கல்கிக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் வாசகர்கள் இதைக் கதையாக மட்டும் படிப்பதில்லை, வரலாறாகவே நம்புகிறார்கள். சிக்கல் அங்கேதான். ராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும்போது தீண்டாச்சேரி, பறைச்சேரி, பறையர் சுடுகாடு என்று தனித்தனியே சொல்கின்றன. செத்தாலும் தனி இடம். தீண்டாமையைக் கல்லில் வெட்டிவைத்த காலத்தைத்தான் பொற்காலம் என்கிறார்கள்.

ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு சிலரைச் சொல்கிறது. அதில் ரவிதாசனுக்குப் பிரமாதிராசன் என்கிற பிராமணப் பட்டம். கதையில் அவனே மந்திரவாதி ஆகிவிடுகிறான். எதை எடுப்பது, எதை மறைப்பது என்பதிலும் அரசியல் இருக்கு.

கரிகாலனைக் கொன்றது யார் என்று இத்தனை வருஷமா வாதாடுகிற வாசகர்கள், தீண்டாச்சேரியில் வாழ்ந்தது யார் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கதையை நாமதான் எழுதணும். குதிரைக்குப் புல் அறுத்தவளிடமிருந்து தொடங்கலாம்.