தோற்ற கருத்துக்கும் ஏட்டில் இடம்

ஹனுக்கா திருநாளின் எட்டு இரவுகளிலும் யூதர் வீடுகளில் விளக்கேற்றுவார்கள். முதல் இரவில் ஒரு சுடர், மறுநாள் இரண்டு, எட்டாம் நாள் எட்டு. இது பழங்கால யூத அறிஞர்களின் இரு பள்ளிகளுள் ஒன்றான ஹில்லேல் பள்ளியின் தீர்ப்பு. மற்றொன்றான ஷம்மாய் பள்ளி இதற்கு நேர்மாறாகச் சொன்னது: முதல் நாளே எட்டையும் ஏற்றி, பிறகு நாளுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். நடைமுறையில் ஹில்லேல் முறையே நிலைத்துவிட்டது. ஆனாலும் யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முத்தைத் திறந்தால் ஷம்மாய் தரப்பின் கருத்து அங்கே இருக்கிறது, காரணத்தோடு இருக்கிறது. கூடாரத் திருவிழாவில் நாளுக்கு நாள் குறைந்துவந்த காளைப் பலிகளின் கணக்கை அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டார்கள். புனிதக் காரியத்தில் ஏறுமுகமே வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

யூத சமயத்தின் பள்ளிகளை அளக்க நான் கைக்கொள்ளும் கோல் இதுதான்: தன்னோடு மாறுபட்டவர் சொன்னதை ஒரு பள்ளி என்ன செய்தது? 'ஹலாகா' என்னும் நடைமுறை நெறி பெரும்பாலும் ஹில்லேல் பக்கம் நின்றது. இரு தரப்பிலும் தெய்வ வாக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகே அதற்கான காரணத்தைத் தால்முத் கூறுகிறது. ஹில்லேலின் மாணவர்கள் பணிவுடையவர்கள். எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், அதுவும் தங்கள் கருத்துக்கு முன்னால் வைத்துக் கற்பித்தார்கள். வாதத்தின் கூர்மையைக் காட்டிலும் வாதிட்ட முறைக்கு அங்கே மதிப்பு கிடைத்தது.

கி.பி. 70இல் உரோமப் படைகள் எருசலேம் ஆலயத்தை அழித்தன. பலிபீடமும் குருமார் பணியும் அதோடு போயின. யோகனான் பென் சக்காய் யாவ்னே என்ற ஊரில் கல்விக்கூடத்தை நிலைநிறுத்தினார். பலி நின்ற இடத்தில் பாடமும் செபமும் வந்தன. மோசேயின் ஐந்து நூல்களான தோராவோடு வாய்மொழியாக வந்த விளக்க மரபும் உண்டு என்பது ரப்பிகள் எனப்படும் சமய அறிஞர்களின் நம்பிக்கை. அந்த மரபைச் சுமார் கி.பி. 200இல் யெகூதா ஹநாசி ஆறு பெரும் பிரிவுகளாகத் தொகுத்தார். அதுவே மிஷ்னா. பெரும்பான்மைக் கருத்தே சட்டம் என்றால், சிறுபான்மைக் கருத்தை ஏன் எழுதி வைக்கவேண்டும்? மிஷ்னா தானே இந்தக் கேள்வியைக் கேட்டு விடையும் தருகிறது: பின்னால் வரும் நீதிமன்றம் ஒன்று அந்தக் கருத்தைச் சரியென்று கண்டால் அதன்மேல் ஊன்றி நிற்கலாம். வருங்காலத்துக்காக விட்டுவைத்த இந்தத் திறப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மிஷ்னாவின்மேல் எழுந்த விவாதங்கள் கெமாரா. இரண்டும் சேர்ந்தது தால்முத். எருசலேம் தால்முத் ஒன்று, பாபிலோனியத் தால்முத் ஒன்று. சூரா, பும்பெதித்தா ஆகிய கல்விக்கூடங்களின் பெயரோடு விளங்கும் பாபிலோனியத் தால்முத்தே பின்னாளில் அதிகாரம் பெற்றது. அதில் வரும் அடுப்புக் கதையைச் சொல்லாமல் இந்த மரபைப் பற்றிப் பேச முடியாது. துண்டு துண்டாகக் கட்டிய ஓர் அடுப்புக்குத் தீட்டு உண்டா என்று வழக்கு. இல்லை என்றார் ரப்பி எலியேசர். மற்ற அனைவரும் உண்டு என்றனர். எலியேசருக்குச் சாட்சியாக மரம் இடம்பெயர்ந்தது, ஓடை பின்னோக்கிப் பாய்ந்தது, கல்விக்கூடத்தின் சுவர்கள் சாய்ந்தன, கடைசியில் வானிலிருந்து குரலே எழுந்தது. ரப்பி யோசுவா எழுந்து நின்று, தோரா இப்போது வானத்தில் இல்லை என்று மறுத்தார். பெரும்பான்மை வென்றது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். தால்முத் நிறுத்தவில்லை. பணிய மறுத்த எலியேசரைச் சபை விலக்கி வைத்தது. செய்தியை அவரிடம் கொண்டுபோனவர் அவருடைய மாணவர் அகிவா. எலியேசரின் இறுதிப் படுக்கையில் அறிஞர்கள் கூடினார்கள். அவர் உயிர் பிரிந்த பிறகே யோசுவா அந்த விலக்கை நீக்கினார். வெற்றியின் பெருமையோடு அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்து எழுதிவைத்த நேர்மை அந்தத் தொகுப்பாளர்களுடையது. விலக்கப்பட்ட அந்த மனிதரின் தீர்ப்புகள் மிஷ்னா முழுவதும் அவர் பெயரோடே நிற்கின்றன.

அச்சிட்ட தால்முத் பக்கத்தைப் பார்த்தாலே இந்த மனப்பாங்கு தெரியும். நடுவில் மூலம், ஒரு பக்கம் பிரான்ஸின் திருவா நகரத்து ராஷியின் (1040–1105) உரை, மறுபக்கம் தோசாபோத் என்னும் பிற்கால உரைகள். அந்த உரைகாரர்களுள் முதன்மையானவர் ராஷியின் மகள்வழிப் பேரன் ரப்பேனு தாம். பாட்டனாரை அவர் தயங்காமல் மறுக்கிறார். தெபில்லின் என்ற தோல்பேழைக்குள் வைக்கும் நான்கு வேத வாசகங்களின் வரிசையிலும் இருவருக்கும் மாறுபாடு. ராஷியின் வரிசையே பொது வழக்கு. ஆனால் இரண்டு சோடி தெபில்லின் வைத்திருந்து இருவர் சொன்னபடியும் அணிபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெனிஸில் தானியேல் பொம்பெர்க் 1520களில் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்களே இன்றளவும் உலகம் முழுவதும் வழங்குகின்றன. நாளுக்கு ஓர் ஏடு என்று 1923இல் தொடங்கிய 'தாப் யோமி' முறையில் படித்தால் முழுவதையும் முடிக்க ஏழரை ஆண்டு ஆகும்.

இந்த வழியை விட்டு விலகிச் செல்ல முயன்ற மேதை மைமோனிதிஸ். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் இருந்து 14 நூல்களாக மிஷ்னே தோரா என்ற சட்டத்தொகுப்பை இயற்றினார். தெளிவான எபிரேயத்தில் முடிந்த முடிபுகளை மட்டும் தந்தார். யார் சொன்னார், யார் மறுத்தார் என்பதையெல்லாம் பொதுவாக விட்டுவிட்டார். தென் பிரான்ஸைச் சேர்ந்த ஆபிரகாம் பென் தாவீது கடுமையாக மறுத்துக் குறிப்புகள் எழுதினார். இன்று அந்த மறுப்பு இல்லாமல் மிஷ்னே தோராவை அச்சிடுவது அரிது. 1565இல் வெனிஸில் வெளிவந்த யோசேப்பு காரோவின் ஷுல்ஹான் ஆருக் என்ற சட்டத்தொகுப்புக்கும் அதுவே நேர்ந்தது. ஸ்பானிய யூத மரபான செபர்தி வழக்கே அதில் மேலோங்கி இருந்ததால், கிராகோவ் நகரத்து மோசே இசர்லெஸ் நடு, கிழக்கு ஐரோப்பிய யூத மரபான அஷ்கெனாசி வழக்கத்தைக் குறிப்புகளாகச் சேர்த்தார். பாஸ்கா நாட்களில் அஷ்கெனாசிகள் அரிசியையும் பருப்பையும் விலக்குவார்கள், செபர்திகளில் பலர் உண்பார்கள். இரண்டுக்கும் அந்த ஒரே நூலில் இடம் உண்டு.

வாய்மொழி மரபையே ஏற்காத கராயிதர்கள் தனிவழி போனார்கள். கிழக்கு ஐரோப்பாவில் பக்தியையும் களிப்பையும் முன்வைத்த ஹசிதிய இயக்கத்துக்கு எதிராக 1772இல் வில்னாவில் விலக்காணை பிறந்தது. அந்நகரத்துப் பேரறிஞர் எலியா அதற்குத் துணை நின்றார். என் அளவுகோலின்படி அந்த ஆணை ஒரு சறுக்கல் என்றே நான் கருதுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிளவு இன்னும் ஆழமானது. 1885இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்த ரப்பிகள் கோஷர் உணவு விதிகள் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தனர்; வைதீகர்கள் அசையவில்லை. இடையில் நின்ற கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழுவில் ஒன்றுக்கொன்று முரணான தீர்ப்புகளும் ஏற்பைப் பெறலாம். எதைப் பின்பற்றுவது என்பதை அந்தந்த ஊர் ரப்பி முடிவு செய்வார். பழைய மிஷ்னா மனம் அங்கே வேறு வடிவில் வேலை செய்கிறது.

தீர்ப்பு எழுதினால் மட்டும் போதாது என்பதற்குக் கொச்சி சான்று. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் வட்டெழுத்துச் செப்பேட்டில் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய நாட்டைச் சேர்ந்த ஊர் அது. அங்கே ஒரு பிரிவினர் மற்றவர்களை அடிமை வழியினர் என்று ஒதுக்கி மணவுறவு மறுத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கு எகிப்தில் இருந்த தாவீது இப்னு ஸிம்ராவிடம் கேள்வியாகச் சென்றது. அவர்கள் யூதர்களே, நீர்ச்சடங்குக்குப் பின் மணவுறவு கொள்ளலாம் என்று அவர் எழுதினார். அந்த விடை கொச்சியில் நடைமுறைக்கு வரவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் பராக் சேலம் என்ற வழக்கறிஞர் பரதேசி ஜெப ஆலயத்தில் சத்தியாக்கிரகம் செய்து போராட வேண்டியிருந்தது.

எதிர்க்கருத்தை இவ்வளவு பேணிய ஏடுகளில் பெண்களின் குரல் மிகக் குறைவு. ரப்பி மெயீரின் மனைவி பெரூரியா போன்ற ஒரு சிலரே தென்படுகிறார்கள். இந்தக் குறையை நான் சிறியதாக எண்ணவில்லை. ரெஜினா யோனாஸ் 1930இல் பெர்லினில் படித்தபோது, பெண் ரப்பியாகலாமா என்ற கேள்வியையே ஆய்வேடாக எழுதினார். ஹலாகாவைத் தள்ளிவிட்டு அவர் வாதிடவில்லை. அதே தால்முத்தையும் சட்டத்தொகுப்புகளையும் எடுத்துவைத்து, தடை இல்லை என்று நிறுவினார். 1935இல் ரப்பி பட்டம் பெற்றார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பல பத்தாண்டுகள் அவரைப் பற்றிப் பேசுவார் இல்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகு கிழக்கு ஜெர்மனியின் ஆவணக் காப்பகத்தில் அவருடைய தாள்கள் வெளிப்பட்டன. வைதீகப் பிரிவில் பெரும்பாலோர் இன்னும் அவர் முடிவை ஏற்கவில்லை. ஆய்வேடு அச்சாகி, வாதத்துக்குத் திறந்து கிடக்கிறது.