கட்டை மாற்றும் வழக்கமும் மூன்று துளைகளின் சாட்சியமும்

அமெரிக்க வேட்டையாளரிடையே கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு வழக்கம் ஏறத்தாழ விதியாகவே இறுகிவிட்டது. மலிவு விலை வேட்டைத் துப்பாக்கியை வாங்குபவர், அதைக்கொண்டு ஒரு மான் வேட்டைப் பருவத்தையேனும் கடப்பதற்கு முன்பே, அதன் கட்டையைக் கழற்றி ஒதுக்கிவிட்டு வேறொரு நிறுவனம் செய்து விற்கும் கட்டையைப் பொருத்திவிட வேண்டும் என்பதே அவ்வழக்கம். குழலையும், தோட்டாவை உள்ளேற்றிச் சுடும் பொறியமைப்பையும் தாங்கிக்கொண்டு, சுடுபவரின் தோளிலும் கன்னத்திலும் பதிகிற உடற்பகுதியே கட்டை. ஸ்டாக் என்று கடைகளில் கேட்டு வாங்கப்படுவது இதுதான். சாவேஜ் நிறுவனம் 2010இல் எட்ஜ் என்ற பெயரில் கொண்டுவந்து, பின்னர் ஆக்ஸிஸ் என்று பெயர் மாற்றிய துப்பாக்கியும், ருகர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அமெரிக்கன் என்ற துப்பாக்கியும் இவ்வழக்கம் செழித்து வளர்ந்த களங்கள். தெற்கு டகோட்டா மாநிலத்தின் மிட்செல் நகரிலுள்ள பாய்ட்ஸ் நிறுவனத்தின் அடுக்குமரக் கட்டைகளும், மேக்புல் நிறுவனத்தின் பாலிமர் கட்டைகளும், கட்டைக்குப் பதிலாக அலுமினியச் சட்டகத்தையே தரும் வேறு பல தயாரிப்புகளும் இக்களத்தில் போட்டியிடுகின்றன. வழக்கத்தின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் கணக்கு எளியது: 400 டாலர் துப்பாக்கியுடன் 200 டாலர் கட்டையைச் சேர்த்தால் 1,000 டாலர் துப்பாக்கியின் துல்லியம் கைக்கு வந்துவிடும். இக்கணக்கின் விடை சில துப்பாக்கிகளில் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை மெய்ப்பிக்கக் காட்டப்படும் சான்று எதையும் மெய்ப்பிக்கும் வலுவுடையதன்று என்பதே இங்கு முன்வைக்கப்படும் மறுப்பு.

இத்துப்பாக்கிகள் எந்த இடத்தில் மலிவாயின என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். நிக்கோலஸ் புருவர் வடிவமைத்து 1958இல் வெளிவந்த சாவேஜ் 110, குழலை ஒரு நட்டைக் கொண்டு இறுக்கியதன் வாயிலாக, தோட்டா அமரும் ஆழத்தைச் சரிசெய்யத் தேர்ந்த கைவினைஞரின் நீண்ட உழைப்பு தேவைப்பட்ட நிலையை மாற்றியது. இன்றைய மலிவுத் துப்பாக்கிகளில் பல அதே சிக்கன நெறியைப் பின்பற்றுகின்றன. ருகர் அமெரிக்கனின் குழல் குளிர்நிலையில் சம்மட்டியடித்து உருவாக்கப்படுவது. அதன் ரிசீவர், அதாவது குழலின் பின்முனையைப் பற்றி நிற்கும் உலோகக் கூடு, கட்டைக்குள் பதிக்கப்பட்ட ஆப்பு வடிவ எஃகுத் துண்டுகள் இரண்டின்மேல் அசையாமல் அமர்கிறது. துல்லியத்தைத் தீர்மானிக்கும் உறுப்புகளில் செலவைக் குறைக்காமல், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டையில் குறைத்ததே இவ்வடிவமைப்புகளின் சாமர்த்தியம். இது புதியதும் அன்று. 1967 முதல் 1983 வரை விற்பனையிலிருந்த ரெமிங்டன் 788, அலங்காரமற்ற சாதாரண மரக்கட்டையோடு வந்த மலிவுத் துப்பாக்கி. ஆயினும் அதே நிறுவனத்தின் விலையுயர்ந்த 700ஆம் மாதிரியை நாணவைக்கும் துல்லியத்துக்காகவே அது இன்றும் பேசப்படுகிறது.

கட்டை மாற்றத்தின் நியாயமான பயன்களை மறுப்பதற்கில்லை. விசைக்கும் தோளில் பதியும் பின்முனைக்கும் இடையிலுள்ள நீளம் சுடுபவரின் கைக்குப் பொருந்தாவிட்டாலும், கன்னம் பதியும் மேற்புறம் தாழ்ந்திருந்து தொலைநோக்கியில் பார்க்கத் தலையைத் தூக்க நேர்ந்தாலும், எந்தத் துப்பாக்கியும் சரிவரச் சுடாது. உயரம் குறைந்தவர்களுக்கும் இளையோருக்கும் இது உண்மையான இடர். ருகர் நிறுவனமே 2023இன் இறுதியில் அறிவித்த அமெரிக்கனின் இரண்டாம் தலைமுறையில் நீளத்தையும் கன்ன உயரத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதியைத் தந்ததன் மூலம் இக்குறையை ஒப்புக்கொண்டிருக்கிறது. மலிவுக் கட்டைகள் சிலவற்றின் முன்பகுதி கைவிரலால் அழுத்தினாலே வளைந்து குழலைத் தொடும் அளவு மெலிவானது என்பதும், இருகால் தாங்கியின் மீதோ இறுக்கிய தோள்வாரின் உதவியுடனோ சுடும்போது இத்தொடுகை குண்டு விழும் இடத்தை மாற்றக்கூடும் என்பதும் உண்மையே. அழகுக்காக மாற்றுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்பவரிடமும் வழக்காட ஏதுமில்லை.

ஆனால் இவ்வழக்கம் பரவியதற்குக் காரணம் பொருத்தமோ அழகோ அன்று. துல்லியம் கூடுகிறது என்ற உறுதிமொழியே காரணம். அவ்வுறுதிமொழிக்கு எப்போதும் ஒரே வகைச் சான்றே காட்டப்படுகிறது: நூறு கெஜத் தொலைவில் மேசைமீது தாங்கி வைத்துப் பழைய கட்டையுடன் மூன்று தோட்டாக்கள், புதிய கட்டையுடன் மூன்று தோட்டாக்கள். இலக்குத்தாளில் மிக விலகி நிற்கும் இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் அளக்கப்படுகிறது. துளைக்கூட்டத்தின் அகலம் எனப்படும் இந்த அளவு முன்னர் ஒன்றரை அங்குலமாக இருந்து, பின்னர் ஓர் அங்குலத்துக்குக் குறைந்துவிட்டால் கட்டை தன் விலைக்கு நியாயம் செய்துவிட்டதாக அறிவிக்கப்படுகிறது. இந்தச் சோதனையின் வடிவம் விஞ்ஞானத்தைப் போலத் தோன்றுகிறது. அதன் உள்ளே இருப்பதோ பகடை உருட்டலுக்கு மிக நெருங்கிய ஒன்று.

காரணம் எளிய புள்ளியியலில் இருக்கிறது. ஒவ்வொரு துப்பாக்கியின் குண்டுகளும் ஒரு நடுப்புள்ளியைச் சுற்றித் தற்செயலாகச் சிதறுகின்றன. இச்சிதறலின் உண்மையான அளவைத் திட்டவிலக்கம் என்ற எண்ணால் குறிப்பர். மூன்று துளைகளின் அகலம் சராசரியாகத் திட்டவிலக்கத்தின் 2.4 மடங்காகவும், பத்துத் துளைகளின் அகலம் 3.8 மடங்காகவும் அமையும் என்பது கணக்கிட்டு அறியப்பட்ட ஒன்று. எனவே மூன்று தோட்டாக்களில் ஓர் அங்குலத் துப்பாக்கி என்று பெயரெடுத்தது, பத்துத் தோட்டாக்களில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலத்துக்கு மேல் சிதறும். இரண்டும் ஒரே துப்பாக்கிதான். இதைவிட முக்கியமானது, மூன்று துளைகளின் அகலம் ஒரு முறைக்கும் மறு முறைக்கும் இடையே ஊசலாடும் அளவு. சராசரியாக ஒன்றரை அங்குலம் காட்டும் துப்பாக்கி, ஒரு திருகைக்கூடத் தொடாத நிலையில், காலையில் 0.8 அங்குலமும் மாலையில் 2.2 அங்குலமும் காட்டுவது முற்றிலும் இயல்பானது. கட்டையின் பெருமைக்குச் சான்றாகக் காட்டப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஊசலாட்டத்தின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

இதோடு ஒரு தேர்வுப் பிழையும் சேர்கிறது. கட்டை வாங்க யார் புறப்படுகிறார்? துப்பாக்கி நன்றாகச் சுட்ட நாளில் எவரும் கட்டையைத் தேடுவதில்லை. அகன்ற துளைக்கூட்டம் ஒன்றைக் கண்டு மனம் கசந்தவரே தேடுகிறார். அந்த அகன்ற கூட்டம் துப்பாக்கியின் வழக்கமான நடத்தையாக இல்லாமல், தற்செயலாக நேர்ந்த மோசமான ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகுதி. அப்படியானால் அடுத்த கூட்டம், கட்டையை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், முன்னதைவிடச் சுருங்கியே அமையும். மிகையான ஓர் அளவைத் தொடர்ந்து வரும் அளவு சராசரியை நோக்கித் திரும்பும் இவ்வியல்பைப் புள்ளியியலாளர் ஒன்றரை நூற்றாண்டாக அறிவர். கட்டை விற்பனையோ அதன்மேல்தான் நின்று செழிக்கிறது. தலையணையை மாற்றினால் தலைவலி தீருமா என்று கேட்பார்கள். தானாகவே தீரும் தறுவாயிலிருந்த தலைவலியாயின், மாற்றிய தலையணைக்கு நற்பெயர் கிடைத்துவிடும். மாற்றம் எதையும் காணாதவரோ வாய் திறப்பதில்லை. செலவழித்த இருநூறு டாலரை வீண் என்று ஒப்புக்கொள்வதைவிட, அடுத்து வேறு நிறுவனத்தின் தோட்டாவை முயன்று பார்ப்பது அவருக்கு எளிது. பயன் கண்டவர்களின் குரல் மட்டுமே எஞ்சுவதால் வழக்கத்துக்கு எதிர்ச்சாட்சி இல்லாததுபோலத் தோன்றுகிறது.

துளைகள் உண்மையாகவே சுருங்கியிருக்கும் நேர்வுகளிலும், அதற்குக் கட்டையின் விறைப்புதான் காரணமா என்ற கேள்வி தீராமலே நிற்கிறது. கட்டையை மாற்றுபவர் ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளைக் கழற்றி, பெரும்பாலும் முறுக்குவிசைமானி கொண்டு, குறிப்பிட்ட இறுக்கத்துக்கு மீண்டும் முறுக்குகிறார். ஆலையிலிருந்து வந்த நாள் முதல் சீரற்ற இறுக்கத்தில் இருந்த திருகுகள் அப்போதுதான் முதன்முறையாகச் சரியாகின்றன. அதே திருகுகளைப் பழைய கட்டையிலேயே இவ்வாறு முறுக்கிச் சோதித்தவர் அரியவர். அடுக்குமரக் கட்டை பிளாஸ்டிக் கட்டையைவிடப் பல சமயம் அரைக் கிலோ அளவுக்குக் கனமானது என்பதும் கவனிக்கத்தக்கது. தொலைநோக்கியோடு மூன்றரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கி நான்கு கிலோவாகும்போது, ஒரே தோட்டாவின் பின்னுதைப்பு ஆற்றல் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது, உதைப்பு குறைந்தால் சுடுபவர் விசையை அழுத்தும் கணத்தில் அஞ்சி நெளிவது குறைகிறது, துளைகள் நெருங்குகின்றன. இங்கே துல்லியமடைந்தது துப்பாக்கி அன்று, மனிதர். அந்த அரைக் கிலோவை மலையேற்றத்தில் நாள் முழுதும் தோளில் சுமக்கப்போவது யார் என்ற வினாவும், அதே எடையை மணல் நிரப்பிய பையாகப் பழைய கட்டையில் கட்டிப் பார்த்தால் என்ன விளையும் என்ற வினாவும் ஆதரவாளர்களிடம் எழுவதில்லை.

முறையான சோதனை ஒன்றைச் செய்வதாயின் என்ன வேண்டும்? கட்டை உண்மையாகவே சிதறலைப் பதினைந்து விழுக்காடு குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வேறுபாட்டைத் தற்செயலிலிருந்து பிரித்துக் காட்ட ஒவ்வொரு கட்டையிலும் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட வேண்டும். இருபது தோட்டாக்கள் கொண்ட பெட்டி 30 முதல் 50 டாலர் வரை விற்கும் காலத்தில், கட்டையின் பயனை மெய்ப்பிக்கும் செலவு கட்டையின் விலையைக் கடந்து, துப்பாக்கியின் விலையையும் எட்டிவிடும். மலிவுத் துப்பாக்கி வாங்கியவர் இதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் செய்யாத சோதனையின் முடிவைச் செய்ததாக எண்ணிப் பிறர்க்கும் பரிந்துரைப்பதும் நியாயமன்று. மெலிந்த முன்பகுதி குழலைத் தொடுவதே குறையென்றால், குழல் படியும் பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்து அகலமாக்குவதும், கட்டையின் உட்குழிவுகளைப் பிசினால் நிரப்பி விறைப்பாக்குவதும் ஒரு மாலைப்பொழுதின் வேலை. செலவு சில டாலர்கள். இவ்வெளிய சிகிச்சைக்குப் பின்னும் குறை நீடிக்கிறதா என்று பாராமலே புதிய கட்டைக்குத் தாவுவது வாங்கும் ஆசையின் அவசரமேயன்றி ஆய்வன்று.

இலக்கின் அளவையும் கருத வேண்டும். அமெரிக்காவில் மிகுதியாக வேட்டையாடப்படும் வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி எட்டு முதல் பத்து அங்குல அகலமுடையது. நூறு கெஜத்தில் இரண்டு அங்குலம் சிதறும் துப்பாக்கி இருநூறு கெஜத்தில் நான்கு அங்குலம் சிதறும். அப்பகுதியின் பாதி அகலம்தான் அது. ஓர் அங்குலத் துப்பாக்கியாக அதை உயர்த்துவதால் மானுக்கும் வேட்டையாளருக்கும் இடையே மாறப்போவது மிகக் குறைவு. குறி தப்புவதும், அதைவிடக் கொடிதாக விலங்கு காயத்தோடு ஓடுவதும் மேசைமீது அளந்த அங்குலங்களால் நேர்வன அல்ல; மண்டியிட்டோ மரத்தில் சாய்ந்தோ, மூச்சிரைக்க, தொலைவைத் தவறாக மதித்துச் சுடுவதால் நேர்வன. 250 டாலரில் கட்டையும் வாங்கலாம். அல்லது நூறுக்கும் மேற்பட்ட தோட்டாக்களை வாங்கி, மேசையை விட்டு எழுந்து, வேட்டையில் சுடும் நிலைகளில் பயிலலாம். இவற்றுள் எது விலங்குக்கு விரைவான மரணத்தைத் தரும் என்பதில் ஐயமில்லை.

இத்தனைக்கும் பிறகு ஆதரவாளர்கள் சொல்லும் கடைசி மறுமொழி ஒன்றுண்டு: கட்டை நம்பிக்கையைத் தருகிறது, நம்பிக்கை நன்றாகச் சுட வைக்கிறது. இது பொய்யன்று, ஆனால் துல்லியம் பற்றிய வாதம் கைவிடப்பட்டுவிட்டது என்பதன் ஒப்புதல் இது. கட்டை துப்பாக்கியைத் திருத்துகிறது என்று இன்னும் சொல்ல விரும்புபவர்க்கு ஒரு சோதனை திறந்தே இருக்கிறது. அதற்கு இரண்டு திருகுகளைக் கழற்றும் உழைப்பும், போதிய தோட்டாக்களும், பொறுமையும் வேண்டும். துளைகள் சுருங்கியதைக் கண்ட பின், பழைய கட்டையை அதே இறுக்கத்தில் மீண்டும் பொருத்தி, அதே தோட்டாக்களால், பத்துப் பத்தாகச் சுட்டு, துளைகள் மறுபடி அகலுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அகலவில்லையென்றால் கட்டைக்குக் கொடுத்த பணம் தற்செயலுக்குக் கொடுத்ததாகிவிடும். நீக்கிய ஒன்றைத் திரும்ப வைத்துப் பார்ப்பது எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான அடிப்படை விதி. அதை மேற்கொள்ளத் துணியாத வரையில், கட்டை மாற்றத்தால் துல்லியம் கூடியது என்று அறிவிப்பவரின் சொல்லை நன்றாக வாங்கிய மகிழ்ச்சியின் வெளிப்பாடாகக் கொள்ளலாமேயன்றி, அடுத்தவர் பணம் செலவழிப்பதற்கான அறிவுரையாகக் கொள்ளலாகாது.