வாலிபர் காங்கிரசும் பயன்படா வாக்கும்

அரசியலில் இறங்கும் இளைஞருக்குத் தடையாவோர் ஆள்வோரே என்பர் பலர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் வரலாற்றை ஆராயின் இக்கூற்று முழுவுண்மை அன்று என்பது புலனாகும்.

1924ஆம் ஆண்டிலே மாணவர் காங்கிரசாகத் தோன்றிய இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர் ஆசிரியரான ஹன்டி பேரின்பநாயகம். கல்வியே அவ்விளைஞரை அரசியலுக்கு அழைத்துவந்தது. பாரத விடுதலைப் போரின் செய்திகளைக் கற்றவர்கள், சுயராச்சியம், தாய்மொழிக் கல்வி, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றைத் தம் கொள்கைகளாகக் கொண்டனர். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து நமது சிலாபத்தையும் கண்டு சென்ற காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர் இவர்களே.

எனினும், உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமவாசனத்தில் அமர்தல் வேண்டும் என்ற விதி வந்தபொழுது, அதனை எதிர்த்தெழுந்தோர் அந்நியரல்லர், உள்ளூராரே. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. வாலிபர்க்கு வாய்த்த முதற்றடை அவர்தம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

இத்தடையை அறிந்தோர் 1931இல் எடுத்த முடிவே திறனாய்வுக்குரியது. டொனமூர் அரசியலமைப்புப் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு அவர்கள் வேண்டினர். குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாயின. தருவதை ஏற்று அடங்காத அத்துணிவு போற்றத்தக்கதே. ஆயின் அவ்வமைப்பே 21 வயதடைந்த ஆடவர்க்கும் பெண்டிர்க்கும், உடைமையும் படிப்பும் பாராது, வாக்குரிமை வழங்கியது. எவர் உயர்வுக்காக வாலிபர் சமவாசனம் கோரினரோ, அவர் கைக்கு முதன்முதல் வந்த வாக்கு மூன்றாண்டு பயனற்றுக் கிடந்தது. பழைய தலைவர்கள் பின்னர் தேர்தலுக்குத் திரும்பினர், இயக்கமோ மெலிந்தது.

இவ்வரலாறு உடப்பு, முந்தல், கற்பிட்டிக் கரைகளிலே கற்கும் மாணவர்க்கும் உரியதே. அவர்க்கு வாக்குரிமை 18 வயதிலேயே கிடைக்கின்றது. ஆயின் பருவந்தோறும் கரை மாறி வாடியமைத்துத் தொழில்புரியும் குடும்பத்தினர் வாக்களிப்பு நாளிலே பதிவூரில் இல்லாதிருத்தல் கூடும். அவர் பெயர் இடாப்பில் உளதா என்று பார்ப்பது சிறு பணியாகத் தோன்றலாம். இளைஞர் அரசியல் அங்கிருந்தே தொடங்கலாம். கொள்கை பெரிது, எனினும் அக்கொள்கையின் பொருட்டுத் துறக்கப்படுவது எவருடைய உரிமை என்னும் வினா அதனினும் முந்தியது.