ராணுவ வாத்தியாரும் நம் உரைநடையும்

தமிழில் போர் இலக்கியம் இல்லை என்ற குறை அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்கிறவர்கள் மனசில் இருப்பது துப்பாக்கியும் பதுங்குகுழியும். எனக்கு இந்தக் குறையில் அவ்வளவு சிரத்தை இல்லை. போர் இலக்கியம் என்ற பெயரில் உலகெங்கும் அச்சாகியிருப்பதில் பெரும்பகுதி வெறும் சத்தம். நான் இங்கே பேச நினைப்பது சத்தம் போடாத ஓர் ஆளைப் பற்றி. பட்டாளத்தில் இருந்துகொண்டே சுடாதவன், சட்டைக் கையில் மூன்று பட்டைகளோடு கரும்பலகை முன் நின்றவன், ராணுவ வாத்தியார். அவன் எழுதியதும் எழுதாமல் விட்டதும் சேர்ந்து, நினைவை எழுதுவதில் உள்ள ஒரு நோயைக் காட்டித் தருகின்றன.

பிரிட்டனில் இந்த ஆளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1949 முதல் அங்கே தேசிய சேவைச் சட்டம் அமலில் இருந்தது. பதினெட்டு வயதான ஆண்கள் கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் போகவேண்டும். முதலில் பதினெட்டு மாதம். கொரியப் போர் வந்ததும், 1950இல், இரண்டு வருஷம். ஆசிரியர் பயிற்சியிலோ கல்லூரியிலோ இருந்தவர்கள் படிப்பு முடியும்வரை தவணை வாங்கிக்கொள்ளலாம். முடிந்ததும் அழைப்பு வரும். இவர்களில் பலரை ராயல் ஆர்மி எஜுகேஷனல் கோர் எடுத்துக்கொண்டது. பீக்கன்ஸ்ஃபீல்டில் கொஞ்ச காலப் பயிற்சி, கையோடு சார்ஜென்ட் பட்டைகள், பிறகு ஜெர்மனி, சைப்ரஸ், மலேயா, ஹாங்காங். எழுத்துக்கூட்டத் தெரியாத சிப்பாய்க்கு எழுத்து. பதவி உயர்வு வேண்டியவனுக்கு ராணுவச் சான்றிதழ்ப் பரீட்சைப் பாடம். 1960 கடைசியில் அழைப்பு நின்றது. 1963இல் கடைசி ஆளும் வீடு திரும்பினான்.

இவர்கள் வயதான காலத்தில் எழுதிய நினைவுகளில் நான் படித்தவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. வருஷக்கணக்கில் உழைத்து அதே பட்டைகளைப் பெற்ற பழைய சார்ஜென்டுகளின் எரிச்சல், வெயில், பீர், காதல் கடிதம் எழுதித் தரச்சொல்லி வரும் சிப்பாய். எல்லாம் சிரிப்புக்குரியவை, சிரிக்கவும் வைக்கின்றன. ஆனால் மலேயாவில் இவர்கள் பாடம் நடத்திய அந்த வருஷங்களில்தான் வகுப்பறைக்கு வெளியே சுமார் 5 லட்சம் கிராமத்து ஜனங்கள், பெரும்பாலும் சீனர்கள், வீடுகளைவிட்டுப் பெயர்க்கப்பட்டு முள்கம்பிக்குள் குடிவைக்கப்பட்டார்கள். "புதுக் கிராமங்கள்" என்று அவற்றுக்குப் பெயர். நினைவுக் கட்டுரையில் இது ஒரு வாக்கியம். சில சமயம் அந்த ஒரு வாக்கியமும் கிடையாது. இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று தெரியாததுதான் கோளாறு.

இந்த வேலையிலிருந்து நேராக நாவலுக்கு வந்தவர் ஆன்டனி பர்ஜஸ். அவர் கட்டாய சேவையின் முந்தைய தலைமுறை. 1940இல் அழைக்கப்பட்டு, பிறகு ராணுவக் கல்விப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, 1943 முதல் 1946 வரை ஜிப்ரால்டரில் சார்ஜென்டாகப் பாடம் நடத்தினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த அவருடைய முதல் நாவல் 'எ விஷன் ஆஃப் பேட்டில்மென்ட்ஸ்', எழுதி வெகுகாலம் கழித்து 1965இல்தான் வெளியாயிற்று. கதாநாயகன் என்னிஸ் சங்கீதம் அமைக்கும் ஆசையுள்ளவன். கல்விப் பிரிவு சார்ஜென்ட். போருக்குப் பின்னால் வரப்போகும் நல்ல உலகத்தைப் பற்றிச் சிப்பாய்களுக்குப் போதிப்பது அவன் உத்தியோகம். அதில் அவனுக்கே நம்பிக்கை இல்லை. இது அருமையான விஷயம். ஆனால் பர்ஜஸ் அதன்மேல் வர்ஜிலின் காவியத்தைச் சாரமாகக் கட்டிவிட்டார். ஜாய்ஸ் யுலிஸிஸை வைத்துச் செய்ததை இவர் ஈனியாஸை வைத்துச் செய்கிறார். ஜாய்ஸிடம் சாரம் கட்டடத்துக்குத் துணை. இங்கே கட்டடத்தை மறைக்கிறது. வகுப்பறையில் வாத்தியாருக்கும் சிப்பாய்க்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கப் போகும் சமயத்தில் ஒரு காவிய நிழல் குறுக்கே வந்து நிற்கிறது.

அவரே பிறகு மலேயாவில் ஆசிரியராக இருந்து 1956க்கும் 1959க்கும் இடையில் மூன்று நாவல்கள் எழுதினார். அவற்றில் கடைசியானதில் யாழ்ப்பாணத் தமிழர்கள் வருகிறார்கள். நகைச்சுவைக்காக வருகிறார்கள். காது கூர்மையான எழுத்தாளர், குரலைப் பிடித்துவிடுகிறார். குரலுக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே இந்தியர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்ததில்லை. 1940இல் வெள்ளைக்காரப் பிரஜைகளுக்குத்தான் அப்படி ஒரு சட்டம் வந்தது. 1939இல் சுமார் 2 லட்சமாக இருந்த இந்தியப் பட்டாளம் 1945இல் 25 லட்சமாக வளர்ந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் தாமாக வந்தவர்கள் என்றே பதிவாயிற்று. வயிறு பிடித்துத் தள்ளியதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. கலைக்கப்பட்டிருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது அந்தக் காலத்தில்தான். ஆவடிப் பொட்டல் ராணுவத்தின் கைக்குப் போனதும் அப்போதுதான். இன்றும் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று ரயில் போர்டில் படித்துவிட்டு, அதன் அர்த்தத்தை யோசிக்காமல் ஏறி உட்காருகிறோம்.

அந்தப் பட்டாளத்தின் பாஷை ரோமன் உருது. அதாவது இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய உருது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து போன ஒருவன், எழுதத் தெரியாத இன்னொரு தமிழனுக்கு, இருவருடையதும் அல்லாத பாஷையை, அந்தப் பாஷைக்கே சொந்தமில்லாத எழுத்தில் கற்றுக்கொடுக்கிறான். தேறினால்தான் அடுத்த பட்டை. எதிர் முகாமிலும் இதே கதை. இந்திய தேசிய ராணுவம் பொதுமொழியாக வைத்ததும் ரோமன் எழுத்து ஹிந்துஸ்தானியைத்தான். மலேயத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். எதிரெதிராக நின்ற இரண்டு பட்டாளங்களிலும் தமிழன் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறான்! இதைவிட அபத்தமான, இதைவிட வளமான விஷயம் ஒரு நாவலாசிரியனுக்குக் கிடைக்குமா? 1947 ஜூனில் கல்விப் பிரிவு தனிப் படைப்பிரிவாயிற்று. பிறகு பச்மடி அதன் தாய்வீடு. உருது ஹிந்தியாயிற்று. ரோமன் எழுத்து உடனே போய்விடவில்லை.

இந்த வளத்தை உணர்ந்த ஒரே தமிழ் உரைநடைக்காரர் ப. சிங்காரம். அவர் ராணுவ வாத்தியார் அல்ல. மேடானிலும் பினாங்கிலும் வேலை பார்த்துவிட்டு வந்து, மதுரையில் 'தினத்தந்தி'யில் உழைத்தவர். 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் யுத்தம் இருக்கிறது, இந்திய தேசிய ராணுவம் இருக்கிறது. ஆனாலும் அந்த நாவலின் உயிர், கடைக்கணக்கின் தமிழும் மலாயும் பட்டாளத்துச் சொல்லும் ஒன்றையொன்று திருத்தாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில் இருக்கிறது. யாரும் யாருக்கும் நல்ல தமிழ் சொல்லிக்கொடுப்பதில்லை. நம் விமர்சகர்கள் அதை சாகசக் கதை என்றும் தத்துவ நாவல் என்றும் புகழ்ந்தார்கள். அதன் காதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மலேசியாவில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. சாட்சியம் என்ற அளவில் அதற்கு மரியாதை உண்டு. உரைநடையில் அது சிங்காரத்துக்குப் பக்கத்தில் வரவில்லை.

இனி சொல்வது என் சொந்த அனுபவம்.

நான் ஆவடியில் ஒரு வங்கியில் குமாஸ்தா. நவம்பர் மாதம் உயிர்ச்சான்று கொடுக்க வரும் பென்ஷன்காரர்களில் ஒரு பெரியவர் கல்விப் பிரிவு ஹவில்தாராக இருந்தவர். பட்டப்படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு வருஷக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்து, கடைசியில் பட்டாளத்தில் வாத்தியாரானார். நமக்குக் கட்டாய சேவைச் சட்டம் இல்லை. எம்ப்ளாய்மென்ட் எக்சேஞ்ச் இருந்தது. 1987இல் ராஜீவ் ஜெயவர்த்தனா ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைக்குப் போன அமைதிப்படையோடு அவரும் போனார். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

அது நாட்குறிப்பு அல்ல; பாடக்குறிப்பு. தேதி, பாடம், வந்தவர்கள் பெயர், மார்க். ஹிந்திச் சொல் ரோமன் எழுத்தில், அர்த்தம் தமிழில். மேப் ரீடிங் பாடத்துக்கு ஒரு குன்றின் படம். ஒரு பெயருக்கு நேரே "கடிதம் தானே எழுதினான்" என்று குறிப்பு. வேறு இரண்டு பெயர்களுக்கு நேரே ஒன்றுமில்லை. அடுத்த பக்கத்திலிருந்து அந்தப் பெயர்களும் இல்லை. 1988இல் மூன்று வாரம் பக்கங்கள் காலி. ஏன் என்று கேட்டேன். அந்த நாட்களில் தன்னை மொழிபெயர்க்கக் கூட்டிப் போனார்கள் என்றார். வீடு வீடாகப் போய், ஆபீஸர் கேட்பதைத் தமிழில் கேட்பது, பதிலை ஹிந்தியில் சொல்வது. ஒரு வீட்டில் ஒரு கிழவி இவர் பேச்சைக் கேட்டுவிட்டு, கேள்விக்குப் பதில் சொல்லாமல், "தம்பி வாத்தியாரோ?" என்று கேட்டாளாம். ஆபீஸர் என்ன சொல்கிறாள் என்றார். ஒன்றும் சொல்லவில்லை ஸார் என்று இவர் சொல்லிவிட்டார். கவுன்டரில் நின்றுகொண்டே, டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இதைச் சொன்னார்.

எழுதுங்கள் ஐயா என்றேன். நான் செய்த தவறு அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சேர்த்தது. பெயர், மார்க் எல்லாம் வேண்டாம். அனுபவத்தை எழுதுங்கள் என்றேன்.

அடுத்த மாதம் நான்கு பக்கம் வந்தது. தாய்நாடு, தியாகம், பனை மரங்களின் சோகம், ஆசிரியப் பணியே அறப்பணி. அந்த மூன்று வாரம் "இட்ட கடமையைச் செவ்வனே நிறைவேற்றினேன்" என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கியிருந்தது. கிழவி இல்லை. கையில் பேனா வந்ததும் அவர் தன் வாயை மறந்து, பத்திரிகைகளும் மேடைகளும் முப்பது நாற்பது வருஷம் கற்றுக்கொடுத்த பாடத்தை ஒப்பித்துவிட்டார். நல்ல மாணவர்.

இங்கிலீஷ்காரன் அதே இடத்தில் சிரிக்கிறான். பர்ஜஸ் ஈனியாஸைக் கொண்டுவருகிறார். நம்மவர் கடமையைக் கொண்டுவருகிறார். மூன்றும் மூடுதுணிதான். சுட்டவனுக்குத் தன் குற்றம் கையில் தெரியும். வாத்தியாருக்குக் கையில் தெரியாது. அவன் ஆயுதம் மொழி. ஆகவே அவன் சங்கடம் மொழியில்தான் முதலில் தெரியவேண்டும். "ஒன்றும் சொல்லவில்லை" என்று அவர் மொழிபெயர்த்த அந்த நேரத்தில் ஒரு காவல் இருந்தது, ஒரு துரோகமும் இருந்தது. யாரை யாரிடமிருந்து காத்தார் என்று அவருக்கே தெளிவில்லை. இலக்கியம் தொடங்கவேண்டிய இடம் அது. காலிப் பக்கங்களில் அது இருந்தது. எழுதிய பக்கங்களில் இல்லை.

உத்தியைப் பற்றி நாம் இவ்வளவு பேசுகிறோம். ஒரு வருகைப் பட்டியல் உரைநடையாக முடியும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நானும் 'அனுபவம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவரை மேடைக்கு ஏற்றியிருக்கிறேன். சிங்காரத்தின் காதைப் புகழ்ந்து எழுதுகிற நான், எதிரில் நின்ற காதை அடைத்தேன்.

பிறகு ஒருநாள் அந்த நோட்டை மறுபடி கேட்டேன். முக்கியமானதையெல்லாம்தான் எழுதிக் கொடுத்துவிட்டேனே தம்பி, வீட்டை ஒழித்தபோது பழைய பேப்பரோடு போட்டாயிற்று என்றார்.

அந்த நான்கு பக்கம் என்னிடம் இருக்கிறது. பிரசுரிக்கச் சொல்லித்தான் கொடுத்தார். பிரசுரிக்கவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த நவம்பரில் வருவார்.