மஞ்சளாக எரிந்த கால்சியம்

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் முதலில் கேட்டுக்கொள்வது, "உனக்கு என்ன சால்ட் வந்துச்சு?" என்பதுதான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கொடுத்த உப்பு எது என்று சோதித்துக் கண்டறியும் பண்பறி பகுப்பாய்வு என்ற இந்தப் பயிற்சியின் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அதன் அருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அணுவைக் கரும்பலகை வட்டங்களாகத்தான் படிக்கிறோம். அயனி என்றால் எழுத்தின் தலையில் ஒரு கூட்டல் குறி. அது கண்முன் ஏதாவது செய்து காட்டுவது ஆய்வகத்தில்தான். ஈய உப்புக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சள் வீழ்படிவு. தண்ணீர் சேர்த்துக் காய்ச்சினால் மஞ்சள் மறைந்து கரைசல் தெளியும். சோதனைக் குழாயைத் தண்ணீர்க் குழாயடியில் காட்டிக் குளிரவைத்தால் ஜரிகைத் தூள் உதிர்ந்ததுபோல் பொன்துகள்கள் சுழன்று இறங்கும். சூடு ஏறினால் கரைதிறன் கூடும் என்ற வரியை அதற்குப் பிறகு எவரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அயனிகளைத் தொகுதி தொகுதியாக வடிகட்டிப் பிரிக்கும் முறையிலும் ஓர் அழகு உண்டு. ஜெர்மானியரான ஃபிரெசீனியஸ் 1841இல் பாடநூலாக வெளியிட்ட அந்த ஒழுங்கின் சாயல் இன்றும் நம் செய்முறை ஏட்டின் அட்டவணையில் இருக்கிறது.

அந்த அட்டவணையில் சோதனை, காண்பன, அறிவன என மூன்று பத்திகள். இடமிருந்து வலமாகப் போக வேண்டியதை நாம் வலமிருந்து எழுதுகிறோம். நீல உப்பா, காப்பர் சல்பேட். பெயர் தெரிந்துவிட்டால் மீதி மனப்பாடத்திலிருந்து இறங்கிவிடும். கண்ணுக்கு வேலையே இல்லை.

என் தேர்வில் எனக்கு வந்தது வெள்ளைப் பொடி. அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்கியது. கால்சியம் கார்பனேட் என்று பக்கத்து மேசையிலிருந்து கிசுகிசுப்பும் வந்தது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குழைத்துக் கம்பியில் எடுத்துச் சுடரில் காட்டினேன். செங்கல் சிவப்பு வர வேண்டும். வந்ததோ பளீரென்ற மஞ்சள். கம்பியிலோ விரல் வியர்வையிலோ ஒட்டியிருந்த சோடியத்தின் வேலை அது, துளி போதும். நான் "செங்கல் சிவப்பு" என்று எழுதினேன். முழு மதிப்பெண்!

ஒரு சுடர் நிறம் இன்னொன்றை மறைப்பது ஜெர்மானிய வேதியியலாளர் பன்சனுக்கும் தொல்லையாகத்தான் இருந்தது. வண்ணக் கண்ணாடி வழியே பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம், ஒளியைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் முப்பட்டகத்தை வைத்துப் பார்க்கலாமே என்றார் இயற்பியலாளரான நண்பர் கிர்காஃப். அப்படித்தான் 1860இல் ஜெர்மனியின் டர்க்கைம் ஊற்று நீரிலிருந்து இரண்டு நீலக் கோடுகளாகச் சீசியம் பிடிபட்டது. அவர்களுக்குப் புதுத் தனிமத்தைக் காட்டிக்கொடுத்த அதே குழப்பம், நம் ஆய்வகத்தில் மறைக்க வேண்டிய தவறாகிவிட்டது.

ஈயத்தையும், அம்மோனியம் அயனியைச் சோதிக்கும் நெஸ்லர் கரைசலின் பாதரசத்தையும் தொட்டியில் கொட்டுவது இன்னொரு குறை. துளிக்கணக்கில் சோதித்து, கழிவைத் தனிக் குடுவையில் சேர்த்தால் அதைச் சமாளிக்கலாம். எல்லாவற்றையும் கருவியே சொல்லும் காலத்தில் இந்தப் பழைய வித்தை எதற்கு என்பாரும் உண்டு. கருவி காட்டும் எண்ணையும் சந்தேகிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே!

ஆகவே உப்பு இருக்கட்டும். திருத்தும் முறை மாறட்டும். தேர்வு நடத்தும் ஆசிரியர்களே, "மஞ்சள் தெரிந்தது, காரணம் புரியவில்லை" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அந்த வரிக்கு மதிப்பெண் போடுங்கள்.