ஆறு பென்ஸ் ஏடு

"புது நூல் எழுதி என்ன பயன்? படிக்க ஆளில்லையே!" என்று சலித்துக்கொள்வது நம் எழுத்தாளர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அறிவுக்கு விருந்து வைத்தால் பந்தியிலே அமர ஆளில்லை, கேளிக்கைக்குக் கொட்டகை போட்டால் நிற்கவும் இடமில்லை என்று குறை கூறுகிறார்கள். பதிப்பிப்போர் அதே பாட்டை வேறு பண்ணிலே பாடுகிறார்கள். அட்டைக்கு வண்ணம் கூட்டினார்களாம், அணிந்துரைக்கு மூவரைப் பிடித்தார்களாம், வெளியீட்டு விழாவுக்கு மாலையும் மேளமும் ஏற்பாடு செய்தார்களாம். ஆனாலும் நூல் கட்டுக் கட்டாகக் கிடக்கிறதாம்!

ஆக, வாசகர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டுவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட ஒருவர் வேண்டாமா? நாம் வாதாட முன்வருகிறோம். நமக்குச் சான்றாக ஒரு சிறு நூலைக் கூண்டிலே ஏற்றுகிறோம். கூண்டு அதற்குப் புதிதல்ல. முன்பே ஒருமுறை ஏறி நின்ற நூல்தான் அது.

அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் சார்லஸ் நோல்ட்டன், 1832-ஆம் ஆண்டில் அந்த நூலை வெளியிட்டார். 'தத்துவத்தின் கனிகள்' என்று பொருள்படும் பெயர் அதற்கு. பெயரைக் கேட்பவர், உள்ளே ஆன்மாவைப் பற்றிய ஆராய்ச்சி இருக்கும், அண்டத்தைப் பற்றிய அலசல் இருக்கும் என்றுதான் எண்ணுவர். உள்ளே இருந்ததோ, மணமான இளையோர் பிள்ளைப் பேற்றைத் தம் விருப்பப்படி தள்ளிப்போடுவது எப்படி என்ற மருத்துவ விளக்கம்! அதற்காக 1833-லே அந்த மருத்துவர் மூன்று மாதம் கடுங்காவல் தண்டனை பெற்றார். நூல் கடல் கடந்தது, இலண்டனிலே அச்சேறியது. அங்கே நாற்பது ஆண்டுக் காலம், ஆண்டுக்கு எழுநூறு, மிஞ்சிப்போனால் ஆயிரம் என்ற அளவிலே, ஓசையின்றி விற்றுக்கொண்டிருந்தது.

அதே நூல், 1877-லே மூன்றே மாதங்களில் ஏறத்தாழ 1,25,000 பிரதிகள் விற்றது!

எழுதியவர் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. புது முன்னுரையும் சில மருத்துவக் குறிப்புகளும் சேர்ந்தனவே தவிர, நூல் அதே நூல். அப்படியானால் நாற்பது ஆண்டுகள் உறங்கிய ஏடு ஒரே நாளிலே புது நூலானது எப்படி? இந்த வினாவுக்கு விடை கண்டால், வாசகர்மீது தொடுத்த வழக்கும் தீரும் என்று நம்புகிறோம்.

நடந்ததை முதலிலே நோக்குவோம். 1876-லே பிரிஸ்டல் நகரப் புத்தக வணிகர் ஒருவர் இந்நூலை விற்றதற்காகச் சிறைப்பட்டார். இலண்டனிலே அதை வெளியிட்டு வந்தவர்மீதும் சட்டம் பாய்ந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒதுங்கினார். ஒதுங்க மறுத்தவர் இருவர். ஒருவர் நாத்திக நாவலர் சார்லஸ் பிராட்லா. மற்றவர் அன்னி பெசன்ட் அம்மையார். அப்போது முப்பது வயதும் நிரம்பாதவர். இருவரும் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கினர், நூலை மறுபடி அச்சிட்டனர், விலை ஆறு பென்ஸ் என்றனர். அதோடு நின்றார்களா? இன்ன நாள், இன்ன இடம், இன்ன நேரத்தில் நாங்களே நின்று விற்கப்போகிறோம் என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அறிவித்தனர்! 1877 மார்ச் 24, மாலை நான்கு மணி. ஸ்டோன்கட்டர் தெருவிலே கூட்டம் நெருக்கியது. முதல் இருபது நிமிடத்திலேயே ஏறத்தாழ ஐந்நூறு பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. கூட்டத்தோடு கூட்டமாகத் துப்பறிவோரும் காசு கொடுத்து வாங்கினர்.

ஏப்ரலில் இருவரும் கைதாயினர். ஜூன் மாதம் வழக்கு நடந்தது. அம்மையார் தம் வழக்கைத் தாமே எடுத்துரைத்தார். பெண்ணொருத்தி மன்றிலே நின்று தாய்மையின் சுமையைப் பற்றி வாதாடுவது அந்நாளிலே எவரும் காணாத காட்சி. நூல் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியது, ஆனால் வெளியிட்டோருக்குக் கெட்ட நோக்கமில்லை என்று ஜூரிகள் இரண்டுங்கெட்டான் முடிவு கூறினர். ஆறு மாதச் சிறை, ஆளுக்கு 200 பவுன் அபராதம் என்று தீர்ப்பாயிற்று. 1878 பிப்ரவரியில், குற்றப் பத்திரிகையிலே இருந்த சட்டக் குறை ஒன்றால் மேல்முறையீட்டில் அது தள்ளுபடியாயிற்று.

"பார்த்தீர்களா! தடைதான் நூலை விற்றது! வாசகர் விரும்பியது வம்பை, அறிவையல்ல!" என்று எதிர்த்தரப்பு இப்போது எழுந்து நிற்கும். இந்த வாதத்தை எளிதிலே ஒதுக்க நாம் விரும்பவில்லை. வழக்கு இல்லையேல் இத்தனை பெரிய விற்பனை இல்லை என்பது மெய்தான். ஆனால் வழக்கு செய்த வேலை என்ன? இப்படி ஒரு நூல் உண்டு, இன்ன பொருளைப் பேசுகிறது, இன்ன தெருவிலே கிடைக்கும் என்று நாடெங்கும் தண்டோரா போட்டது. 'தத்துவத்தின் கனிகள்' என்ற பெயர் நாற்பது ஆண்டுகள் மூடி மறைத்த பொருளை, அரசாங்க வழக்கறிஞரே நாடறியத் திறந்து காட்டினார்! தண்டோரா கேட்டு வாசலுக்கு வருவர் மக்கள். வீட்டிலே தேவை இல்லாதவர் கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவர். இலட்சம் பேர் காசை எடுத்துக்கொண்டு வந்தார்களே, அந்தத் தேவையை எந்த நீதிமன்றம் உண்டாக்கிற்று?

அந்தத் தேவை வீடுதோறும் இருந்தது. ஆண்டுக்கொரு பிள்ளை, அதிலே சிலவற்றைப் புதைக்கும் துயரம், மெலிந்த தாய், போதாத கூலி! இதற்கு முடிவு உண்டா என்ற வினா ஒவ்வொரு தொழிலாளி வீட்டிலும் உதடுவரை வந்து உள்ளேயே மடிந்துகொண்டிருந்தது. பாதிரியாரைக் கேட்டால், பிள்ளை கடவுள் தந்த வரம் என்பார். மருத்துவரைக் கேட்கப் பணமில்லை, பணமிருந்தாலும் வாயெழாது. ஏட்டிடம் கேட்கலாம். ஏடு முகம் சுளிக்காது, ஊருக்குச் சொல்லாது, கேட்டவள் பெண்ணாயிற்றே என்று விரட்டாது. அந்த வினாவோடு காத்திருந்தவர் கையிலேதான் நூல் போய்ச் சேர்ந்தது.

வம்புதான் விற்றது என்போருக்கு இன்னொரு சான்றும் காட்டுகிறோம். நோல்ட்டன் நூலின் மருத்துவ அறிவு பழையது, அதிலே உள்ள அனைத்தும் எமக்கு உடன்பாடல்ல என்று பிராட்லாவும் அம்மையாருமே ஒளிக்காமல் சொன்னவர்கள். எனவே அம்மையார் அதே 1877-லே, 'மக்கள்தொகை விதி' என்ற சிறு நூலைத் தாமே எழுதினார். அதற்கும் விலை ஆறு பென்ஸ். அதன்மீது இங்கிலாந்து அரசு வழக்குத் தொடுக்கவில்லை. ஆனாலும் 1891-க்குள் அது 1,75,000 பிரதிகள்வரை விற்றது! பழைய வழக்கின் புகழ் முதல் ஆண்டிலே அதற்குக் கைகொடுத்திருக்கும், மறுக்கவில்லை. பத்தாண்டுக்கும் மேலாக வாங்கிக்கொண்டே இருந்தவரை வாங்க வைத்தது எது? வம்பு ஆறிப்போகும், வயிற்றுச் சுமை ஆறாது.

இங்கே திறனாய்வாளர் கண்டுகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாசகர் காட்டும் ஆர்வம் எழுத்தாளருக்குப் பரிசன்று, கடன். பழைய நூலை நாடி வந்த கூட்டத்தைக் கண்டு, நம் வேலை முடிந்தது என்று அம்மையார் மகிழ்ந்துவிடவில்லை. இத்தனை பேர் நம்பி வந்தார்களே, இவர்களுக்கு இதைவிடச் செம்மையான நூலைத் தரவேண்டுமே என்று எழுதினார். கடனைத் தீர்த்தார். அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. 1878-லே நீதிமன்றம், அவருடைய நாத்திகத்தையும் இந்த வெளியீட்டையும் காரணம் காட்டி, அவர் மகளை அவரிடமிருந்து பிரித்துப் பாதிரியாரான கணவரிடம் ஒப்படைத்தது.

பெரியவர் பெயர் இருந்தால்தான் நூல் விற்கும் என்போர் இதையும் கேட்கட்டும். தம் பக்கம் சாட்சி கூற வருமாறு பிராட்லா, டார்வினைக் கேட்டார். உடல்நலமின்மையைக் கூறி டார்வின் மறுத்தார். கருத்திலும் தாம் மாறுபடுவதாக எழுதினார். உலகம் போற்றிய அறிஞரின் ஆதரவு கிடைக்கவில்லை. நூலுக்கு அதனால் ஒரு பிரதியும் குறைந்ததாகத் தெரியவில்லை!

டார்வினுடைய நூலின் கதையும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கிறது. உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவர் நூல் 1859 நவம்பரில் வெளிவந்தபோது, அச்சிட்ட 1,250 பிரதிகளில் விற்பனைக்கு வந்த அனைத்தையும் வணிகர் முதல் நாளே எடுத்துக்கொண்டனர். அதிலே ஐந்நூறு, சந்தாதாரருக்கு நூல் வழங்கும் ஒரே ஒரு நூலகத்துக்குப் போயின. விலை பதினைந்து ஷில்லிங், வாங்கியவர் வசதியுள்ளோர். ஆனால் அவர்களிடத்தும் வினா முன்பே விதைக்கப்பட்டிருந்தது. 1844-லே, எழுதியவர் பெயரே இல்லாமல் வெளிவந்த நூலொன்று, உயிர்கள் படைக்கப்பட்டனவா, படிப்படியாக வளர்ந்தனவா என்று கேட்டுப் பெரும் புயலைக் கிளப்பிவிட்டிருந்தது. பதினைந்து ஆண்டு உழுத நிலத்திலேதான் டார்வினின் விதை விழுந்தது. மாளிகை வாசகரும் சரி, குடிசை வாசகரும் சரி, புது நூலிலே தேடியது தம் பழைய வினாவுக்கு விடையைத்தான்.

ஆனால் வினா இருந்தால் மட்டும் போதுமா? ஏடு கைக்கு எட்டவேண்டும். 1861-லே இங்கிலாந்தில் காகித வரி நீங்கியது, அச்சு மலிந்தது. 1870-லே தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது, பள்ளிகள் பெருகின. வினாவை மட்டும் வைத்திருந்த மக்கள் எழுத்தையும் பெற்றனர். மேட்டுக்குடியின் கலக்கம் இங்கேதான் தொடங்கியது. இதே செய்தி தடித்த மருத்துவ நூல்களிலே உயர்ந்த விலைக்கு விற்றபோது எவர் ஒழுக்கமும் கெட்டுவிடவில்லையாம். ஆறு பென்ஸ் விலையிலே தெருவிலே போவோர் எவருக்கும் கிடைக்கும்போதுதான் கெட்டுவிடுகிறதாம்! அரசுத் தரப்பு மன்றிலே இந்த மலிவு விலையை அழுத்திச் சொன்னது. பத்தாண்டு கழித்து, 1887-லே, லீட்ஸ் நகர மருத்துவர் ஹென்றி ஆல்பட் இதே பொருளிலே மனைவியருக்கென எழுதிய கைந்நூலுக்காக மருத்துவர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். இவ்வளவு குறைந்த விலைக்கு விற்றார் என்பது அவர்மீது சாட்டிய குற்றத்திலேயே இடம்பெற்ற வாசகம்! அறிவு குற்றமல்ல, அது ஏழைக்கு எட்டுவதே குற்றம் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

பின்னாளிலே அம்மையார் பிரம்மஞானத்தைத் தழுவினார். 1891-லே தம் நூலைத் தாமே விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். நம் அடையாற்றிலே வந்தமர்ந்து அவர் பேசிய பேச்சும் செய்த அரசியலும் நாடறிந்தவை. எழுதியவர் விலகினார், வினா விலகவில்லை. 1880-களிலேயே சென்னையில் மால்தூசியச் சங்கம் கண்டவர்களும், 'தத்துவ விவேசினி' இதழ் நடத்தியவர்களும் இலண்டன் நாத்திகரின் ஏடுகளை எடுத்துப் படித்தவர்களே. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலிலே கர்ப்பத்தடைக்கு ஒரு தனிக் கட்டுரை இருப்பதை நம் இளைஞர் அறிவர். எங்கோ தேம்ஸ் நதிக்கரையிலே ஒரு தாய் கேட்க அஞ்சிய வினா, காவிரிக் கரைத் தாயின் வினாவாகவும் இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இனி நம் வாதத்தை நிறைவு செய்கிறோம். வாசகர் குற்றவாளியல்லர். வினாவோடு நிற்பவரிடம் விடையோடு வருகிற நூலை அவர் என்றும் விரட்டியதில்லை. நம்ப மறுப்போர், பஞ்சாங்கம் விற்கும் கடையிலே சற்று நின்று பார்க்கட்டும். அதற்கு அணிந்துரை உண்டா, வெளியீட்டு விழா உண்டா? நாளை என்ன ஆகுமோ என்ற அச்சம் வீட்டிலே இருக்கிறது; விடை சொல்கிறேன் என்று பஞ்சாங்கம் வாசலிலே வந்து நிற்கிறது. சொல்வது பொய்தான், ஆனால் வந்து நிற்கிறது, மலிவாக வந்து நிற்கிறது, புரியும்படி வந்து நிற்கிறது! மகளுக்கு மணம் கூடவில்லையே, மகனுக்கு வேலை கிட்டவில்லையே, நோய் தீரவில்லையே என்ற வினாக்கள் நிற்கும் வாசலுக்குப் பகுத்தறிவு போகாவிட்டால், சோதிடம் போகும். காலியாக எந்த அலமாரியும் இருப்பதில்லை. நாம் நிரப்பாத இடத்தைப் பிறர் நிரப்பிவிடுகிறார்கள்.

வகுப்பறையிலே நாம் அன்றாடம் காண்பதும் இதுதான். பாடத்தைத் தொடங்கியதும் உறங்கும் மாணவர், தம் ஊர் ஏரி ஏன் வற்றியது என்று கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அன்று நூலகத்திலே நிலவியல் நூல் கேட்டு நால்வர் வருகிறார்கள். நூல் அங்கே பல காலம் இருந்ததுதான். வினா அன்றுதான் பிறந்தது.

ஆகவே, ஒரு புது நூல் மதிப்புரைக்கு வரும்போது, நடை இனிதா, உவமை புதிதா என்பதோடு நில்லாமல் மூன்று கேள்விகளையும் கேட்போம். இது யாருடைய வினாவுக்கு விடை? அவருக்குப் புரியும் மொழியிலே இருக்கிறதா? அவர் கைக்கு எட்டும் விலையிலே இருக்கிறதா? மூன்றுக்கும் நேரான விடை தரும் நூலை ஊர்தோறும் எடுத்துச் செல்வது நம் கடமை. படிப்பகத்துத் தோழர்களே! நூல்களை அலமாரியிலே அடுக்குமுன், உங்கள் தெருவிலே உதடுவரை வந்து உள்ளே மடிந்துகொண்டிருக்கும் வினாக்களை ஒரு தாளிலே எழுதுங்கள். அந்தத் தாளைக் கையிலே வைத்துக்கொண்டு நூல்களைத் தேர்ந்தெடுங்கள். விடையுள்ள நூல் கிடைக்காத வினாக்களை எழுத்தாளர்களுக்கு அனுப்புங்கள்.